யாரும் செய்யாத வேலைக்கு ஆள் தேவை

"தையல்காரர் தேவை" என்று ஒரு கடை வாசலில் அட்டை தொங்கினால் படிப்பவருக்கு ஒரு சந்தேகமும் எழாது. துணி வெட்டத் தெரிய வேண்டும், தைக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கடைக்காரர் ஒரு சட்டையைத் தைத்துக் காட்டச் சொல்லுவார். பிடித்திருந்தால் வேலை. ஆனால் இதுவரை உலகில் ஒருவர்கூடச் செய்திராத வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் அந்த அட்டையில் என்ன எழுதுவது? எதைச் செய்து காட்டச் சொல்லுவது?

இந்தச் சங்கடம் 1958-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் நாசா நிறுவனத்துக்கு உண்மையாகவே ஏற்பட்டது. நாசா பிறந்து மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. ஒரு மனிதனைக் கூண்டு போன்ற சிறு கலத்தில் அமர்த்தி, ராக்கெட்டின் உச்சியில் வைத்து, பூமியைச் சுற்றிவரச் செய்து பத்திரமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதுதான் மெர்க்குரித் திட்டம். அதற்கு ஆள் வேண்டும். எப்படிப்பட்ட ஆள்?

விண்வெளிப் பயணத்தைப் பற்றி நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். ராக்கெட் எப்படிப் பறக்கிறது, எடையின்மை என்றால் என்ன என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதில் ஏறி உட்காரும் மனிதர்களை எப்படித் தேடினார்கள், எப்படிப் பொறுக்கினார்கள், எத்தனை பேர் வேண்டும் என்று எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதும் ஒரு விஞ்ஞானந்தான். ஆலையானாலும் ஆஸ்பத்திரியானாலும் பள்ளிக்கூடமானாலும் இதே மூன்று கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும். இன்று இதற்கு மனித வள மேலாண்மை என்று பெயர். விண்வெளி வீரர்களின் கதையில் அது தெளிவாகத் தெரிகிறது. தவறினால் விளைவும் அங்கே பெரிது.

மலையேறுவோரா, விமானியா?

நாசா தயாரித்த முதல் விளம்பர வரைவு வேடிக்கையானது. அபாயமான, உடலை வருத்தும் அனுபவம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். சோதனை விமானிகள், நீர்மூழ்கிக் கப்பலில் பணிபுரிந்தவர்கள், துருவப் பகுதிகளில் ஆராய்ச்சி செய்தவர்கள், பாராசூட்டில் குதிப்பவர்கள், மலையேறுவோர், ஆழ்கடலில் மூழ்குவோர் எல்லாருக்கும் அதில் இடம் இருந்தது. வயது 25-லிருந்து 40-க்குள், ஆண்கள் மட்டும்.

அந்த விளம்பரம் வெளிவரவே இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது ஜனாதிபதி ஐசன்ஹோவர் ஒரு முடிவெடுத்தார். இராணுவத்தில் உள்ள சோதனை விமானிகளிலிருந்தே ஆட்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூறிவிட்டார். அவர்களுடைய பணிக் குறிப்பேடுகள் அரசாங்கத்தின் கையிலேயே இருந்தன. இரகசியத்தைக் காப்பாற்றப் பழகியவர்கள். மலைபோல் விண்ணப்பங்கள் வந்து குவியும் தொல்லையும் இல்லை.

பிறகு நிபந்தனைகளை வகுத்தார்கள். வயது 40-க்குள் இருக்க வேண்டும். உயரம் 5 அடி 11 அங்குலத்துக்கு மேற்படக் கூடாது. நல்ல உடல்நிலை வேண்டும். பட்டப் படிப்பு அல்லது அதற்கு இணையான தகுதி, சோதனை விமானிகளுக்கான பள்ளியில் தேர்ச்சி, 1,500 மணி நேரம் விமானம் ஓட்டிய அனுபவம், ஜெட் விமானம் ஓட்டும் தகுதி ஆகியவையும் வேண்டும்.

உயரத்துக்கு ஏன் இப்படி ஒரு கட்டுப்பாடு? உயரமானவர் தைரியசாலி இல்லை என்பதாலா? கலத்தின் அடிப்பகுதியின் விட்டமே சுமார் 6 அடி 2 அங்குலந்தான். அதற்குள் இருக்கை, கருவிகள், விண்வெளி உடை, தலைக்கவசம் எல்லாம் அடங்க வேண்டும். ஆக, அந்த நிபந்தனையை விதித்தது அதிகாரியல்ல, ராக்கெட்! அந்த ராக்கெட் அதற்குமேல் பெரிய கலத்தைத் தூக்காது. வேலையின் ஒவ்வொரு கூறையும் ஆராய்ந்து, அதிலிருந்து தகுதியை வருவிப்பதற்கு 'வேலைப் பகுப்பாய்வு' என்று பெயர். நல்ல நிபந்தனை எதுவாயினும் "ஏன்?" என்று கேட்டால் வேலையைச் சுட்டிக்காட்டி விடைசொல்ல முடிய வேண்டும்.

விமானி தேவைதானா என்று அப்போதே சிலர் கேட்டார்கள். கலம் தானாகவே இயங்கும்படிதான் அமைக்கப்பட்டிருந்தது. உள்ளே இருப்பவர் பயணிபோல உட்கார்ந்து வந்தால் போதாதா? இதற்கு 1963 மே மாதம் கார்டன் கூப்பர் சென்ற பயணத்தில் விடை கிடைத்தது. கடைசிக் கட்டத்தில் மின்சாரக் கோளாறால் தானியங்கி அமைப்பு செயலிழந்தது. கூப்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரங் கணித்து, கையாலேயே கலத்தைத் திருப்பி, மீட்புக் கப்பலுக்கு அருகிலேயே கடலில் இறக்கினார்.

508-லிருந்து 7

1959 ஜனவரியில் சல்லடை போடும் வேலை தொடங்கியது. 508 விமானிகளின் குறிப்பேடுகளைப் படித்தார்கள். நிபந்தனைகளுக்கு உட்பட்டவர்கள் 110 பேர். அவர்களில் முதல் இரு தொகுதியினரான 69 பேரை வாஷிங்டனுக்கு அழைத்து, திட்டத்தை விளக்கி, "விருப்பமா?" என்று கேட்டார்கள். பெரும்பாலோர் விருப்பம் தெரிவித்ததால் மூன்றாம் தொகுதியை அழைக்கவே இல்லை. எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு, மனநல மருத்துவரின் கேள்விகள் ஆகியவற்றுக்குப் பின் 32 பேர் நியூ மெக்ஸிகோவில் உள்ள லவ்லேஸ் மருத்துவ நிலையத்துக்குச் சென்றார்கள். அங்கே ஒருவர் மட்டும் கழிக்கப்பட்டார். மீதி 31 பேர் ஒஹாயோவில் உள்ள ரைட் விமானப்படை ஆய்வு மையத்துக்குச் சென்றார்கள். இறுதியில் மருத்துவர்கள் எந்தக் குறையும் சொல்லாமல் பரிந்துரைத்தவர்கள் 18 பேர். அவர்களிலிருந்து ஏழு பேர்.

இந்த வரிசையைச் சற்றுக் கவனியுங்கள். முதலில் காகிதத்தைப் படித்தார்கள். பிறகு பேசிப் பார்த்தார்கள். மருத்துவப் பரிசோதனை அதற்குப் பின்னர்தான். ஏன் இப்படி? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

500 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு தேர்வுக்குத் தலைக்கு 10 ரூபாய் செலவு. மற்றொன்றுக்கு 1,000 ரூபாய். ஒவ்வொன்றும் வந்தவர்களில் பாதிப் பேரைக் கழிக்கிறது. மலிவான தேர்வை முதலில் வைத்தால் 500 பேருக்கு 5,000 ரூபாய், மிஞ்சிய 250 பேருக்கு 2,50,000 ரூபாய், மொத்தம் 2,55,000. வரிசையை மாற்றினால் 5,00,000-மும் 2,500-மும் சேர்ந்து 5,02,500 ஆகிறது. இரண்டு வழியிலும் மிஞ்சுவது 125 பேர்தான். செலவோ ஏறக்குறைய இரு மடங்கு! உங்கள் வீட்டில் அரிசியை முதலில் புடைத்துவிட்டு, அதன் பிறகே கண்ணால் பார்த்துக் கல் பொறுக்குகிறார்கள் அல்லவா? அதே தத்துவந்தான். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. முறத்தில் புடைக்கும்போது பதரோடு நல்ல மணியும் பறந்துவிடலாம். இந்த ஆபத்தைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

ரைட் மையத்தில் நடந்த சோதனைகளைக் கேட்டால் உங்களுக்கு வியர்க்கும். 54 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அறையில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். கால்களைப் பனிக்கட்டி மிதக்கும் நீரில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒலியும் ஒளியும் புகாத அறையில் மூன்று மணி நேரம் தனித்திருக்க வேண்டும். நகரும் பட்டையின் மேல் மூச்சு முட்டும் வரை நடக்க வேண்டும். ராட்சத ராட்டினம் போன்ற எந்திரத்தில் சுழல வேண்டும். ஏராளமான விளக்குகளும் பொத்தான்களும் உள்ள பலகையின் முன் அமர்த்தி, எந்த விளக்கு எரிகிறதோ அதற்குரிய பொத்தானை அழுத்தச் சொல்லி, விளக்குகளை வேகவேகமாக எரிய விட்டார்கள். "நான் யார்?" என்ற கேள்விக்கு இருபது விடைகள் எழுதச் சொன்னார்கள். (நீங்களும் முயன்று பாருங்கள். பத்துக்கு மேல் எழுதுவது எவ்வளவு கடினம் என்று தெரியும்.)

சரி, இந்தச் சோதனைகள் எல்லாம் பயன்பட்டனவா? ஒரு சோதனைக்கு இரண்டு குணங்கள் வேண்டும். ஒருவரை இன்று சோதித்தாலும் நாளை சோதித்தாலும் ஏறக்குறைய ஒரே விடை வர வேண்டும். இது நம்பகம். அந்த விடை வேலையில் அவர் எப்படிச் செய்வார் என்பதை முன்கூட்டிக் காட்ட வேண்டும். இது பொருத்தம். முதற்குணம் மட்டும் இருந்து பயனில்லை. ஒருவர் காலணியின் அளவை நூறு முறை அளந்தாலும் ஒரே எண்தான் வரும். அதைக் கொண்டு அவர் நல்ல விமானியா என்று சொல்ல முடியுமா?

மெர்க்குரி வீரர்களைச் சோதித்த மருத்துவர்களுக்கு ஏற்பட்ட சிக்கல் இன்னும் நுட்பமானது. வந்தவர்கள் அனைவருமே உடல்வலுவும் மனவுறுதியும் மிக்கவர்கள். சல்லடைகள் ஏற்கனவே அப்படிப்பட்டவர்களை மட்டுமே விட்டுவைத்திருந்தன. உங்கள் பள்ளியின் கூடைப்பந்துக் குழுவில் எல்லாரும் ஆறடி உயரம் என்றால், உயரத்தை அளந்து யார் சிறந்த ஆட்டக்காரர் என்று கண்டுபிடிக்க இயலாது. உயரம் முக்கியமில்லை என்பது இதன் பொருளல்ல; வேறுபாடு மிஞ்சவில்லை என்பதே பொருள். அதேபோல மருத்துவச் சோதனைகள் அந்த 31 பேரை ஒருவரிலிருந்து ஒருவர் பிரித்துக்காட்ட அதிகம் உதவவில்லை. கடைசியில் தொழில்நுட்ப அறிவையும் அனுபவத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

இத்தனை சோதனைகளையும் தாண்டி வந்தவர்களில் ஒருவரான டீக் ஸ்லேட்டனுக்கு இதயத் துடிப்பு சில வேளைகளில் ஒழுங்கு தவறுவது பின்னர் தெரியவந்தது. 1962-இல் அவருடைய பயணத்தை ரத்து செய்துவிட்டார்கள். அவர் மனமுடைந்து வெளியேறவில்லை. மற்ற வீரர்களைத் தேர்ந்தெடுத்துப் பயணங்களுக்கு ஒதுக்கும் பொறுப்பை ஏற்றார். 1975-இல், தம் 51-ஆம் வயதில், அமெரிக்க-சோவியத் கூட்டுப் பயணத்தில் விண்வெளிக்குப் போயும் வந்தார்.

சல்லடைக்கு வெளியே நின்றவர்கள்

புடைக்கும்போது பறந்துபோகும் மணிகளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? லவ்லேஸ் மருத்துவ நிலையத்தின் தலைவர் 1960-இல் ஜெரி காப் என்ற பெண் விமானியை அதே மருத்துவச் சோதனைகளுக்கு உட்படுத்தினார். அவர் தேறினார். அடுத்த ஆண்டு மேலும் பல பெண் விமானிகளைச் சோதித்தார். மொத்தம் 13 பெண்கள் தேறினார்கள். இது நாசாவின் திட்டமன்று. அந்த மருத்துவரின் தனி முயற்சி. அடுத்த கட்டச் சோதனைகள் கடற்படை நிலையம் ஒன்றில் நடப்பதாக இருந்தன. நாசா கேட்டுக்கொள்ளாததால் கடற்படை இடந்தர மறுத்துவிட்டது.

1962 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்தது. நாசாவின் விடை எளிமையானது: சோதனை விமானியாக இருப்பது தகுதி, இந்தப் பெண்கள் சோதனை விமானிகள் அல்லர். நிபந்தனைகளின் இறுதிப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். பெண்கள் கூடாது என்று அதில் ஒரு வரியும் தென்படாது. தேவையே இல்லை! அமெரிக்க இராணுவம் அன்று பெண்களை விமானிகளாகச் சேர்க்கவில்லை. பிறகு எப்படிச் சோதனை விமானிகளின் பள்ளியில் படிக்க முடியும்? நிபந்தனைகளைச் சற்றுத் தளர்த்தும் வழக்கமே இல்லையா என்றால், அதுவும் இருந்தது. பூமியைச் சுற்றிய முதல் அமெரிக்கரான ஜான் க்ளென் தேர்ந்தெடுக்கப்பட்டபோது பட்டம் பெற்றிருக்கவில்லை. 'இணையான தகுதி' என்ற சொற்கள் அவருக்குக் கதவைத் திறந்தன. அவர் தகுதியற்றவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதே கதவு மற்றவர்களுக்கு ஏன் திறக்கவில்லை என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

அதே காலத்தில் சோவியத் யூனியன் வேறு விதமாகச் சிந்தித்தது. அவர்களுடைய வோஸ்டாக் கலத்தில் சென்றவர் கலத்தோடு தரையிறங்குவதில்லை. சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியே எறியப்பட்டு, தனியாகப் பாராசூட்டில் இறங்க வேண்டும். எனவே பெண்களைத் தேடியபோது பாராசூட்டில் குதித்துப் பழகியவர்களைப் பார்த்தார்கள். 1962-இல் ஐந்து பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் வாலென்டினா தெரஷ்கோவா ஒரு நெசவாலைத் தொழிலாளி. பொழுதுபோக்காகப் பாராசூட்டில் குதித்து வந்தவர். 1963 ஜூன் 16 அன்று அவர் விண்வெளிக்குச் சென்ற முதல் பெண் ஆனார். வேலை ஒன்றுதான், பகுத்துப் பார்த்த முறை வேறு, கிடைத்த ஆளும் வேறு.

அமெரிக்காவில் கதவு திறக்க மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. விண்வெளி ஓடம் வரப்போகிறது என்றவுடன் நாசா வேலையை இரண்டாகப் பிரித்தது. ஓடத்தைச் செலுத்துபவர் ஒருவர்; ஆராய்ச்சிகளையும் மற்றப் பணிகளையும் செய்பவர் மற்றொருவர். இரண்டாமவருக்கு விமானம் ஓட்டத் தெரிய வேண்டிய அவசியமில்லை. ஆயினும் நிபந்தனையை மாற்றிவிட்டால் மட்டும் ஆள் வந்துவிடுவதில்லை. "நமக்கெல்லாம் அங்கே இடமேது?" என்று பழகிப்போனவர்கள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள். 1977-இல் நாசா ஒரு காரியம் செய்தது. விண்வெளிக் கதை ஒன்றைச் சொல்லும் தொலைக்காட்சித் தொடரில் நடித்துப் புகழ்பெற்றிருந்த கறுப்பினப் பெண்மணி நிஷெல் நிக்கல்ஸை ஊர் ஊராக அனுப்பிப் பேசச் செய்தது. 8,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை பெண்களுடையவை. 1978 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட 35 பேரில் ஆறு பேர் பெண்கள். அவர்களில் ஒருவரான சாலி ரைட் 1983-இல் விண்வெளிக்குச் சென்றார்.

அந்தப் பழைய 13 பேரில் ஒருவரான வாலி ஃபங்க் 2021 ஜூலை 20 அன்று, 82-ஆம் வயதில், தனியார் நிறுவனமொன்றின் கலத்தில் சில நிமிடங்கள் விண்வெளியைத் தொட்டுத் திரும்பினார்.

எத்தனை பேர் போதும்?

மூன்றாவது கேள்விதான் எளிதாகத் தோன்றி ஏமாற்றுவது. மெர்க்குரித் திட்டத்துக்கு 12 பேரைத் தேர்ந்தெடுக்கத்தான் முதலில் எண்ணினார்கள். பயிற்சியின் நடுவே சிலர் விலகிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வந்தவர்களின் ஆர்வத்தைப் பார்த்ததும் ஒருவரும் விலகப்போவதில்லை என்று தெரிந்தது. ஆறு போதும் என்று குறைத்தார்கள். கடைசியில் ஏழு பேரில் யாரை விடுவது என்று தெரியாமல் ஏழு பேரையும் எடுத்துக்கொண்டார்கள்!

இதை எப்படித்தான் கணக்கிடுவது? இரண்டு எண்கள் தெரிந்தால் போதும். பயிற்சிக்கு எவ்வளவு காலம்? எவ்வளவு காலத்துக்கு ஒரு பயணம்? உதாரணமாக, ஒரு குழுவுக்கு ஓராண்டுப் பயிற்சி வேண்டும் என்றும், இரண்டு மாதத்துக்கு ஒரு குழு புறப்படும் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் எந்த நேரத்திலும் ஆறு குழுக்கள் பயிற்சியில் இருக்கும். குழுவுக்கு மூவர் என்றால் 18 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆள் என்றால் 36 பேர். இனிப் பயணங்கள் ஆறு மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்துவிட்டால்? இரண்டு குழுக்கள்தாம் இருக்கும். மாற்று ஆட்களைச் சேர்த்து 12 பேர் போதும். தொட்டியில் நீர் வரும் வேகமும் தங்கும் நேரமும் தெரிந்தால் தொட்டியில் உள்ள நீரின் அளவு தெரிந்துவிடும் அல்லவா? அதே விதிதான். ஆனால் நீரைத் திறந்துவிடலாம். பல ஆண்டுகள் பயின்ற 24 மனிதர்களை என்ன செய்வது?

மாற்று ஆள் எதற்கு என்பதை 1970 ஏப்ரலில் உலகம் கண்டது. அப்போலோ-13 புறப்பட இரண்டே நாட்கள் இருக்கும்போது கென் மேட்டிங்லி என்ற வீரரை நிறுத்திவிட்டார்கள். ஜெர்மன் தட்டம்மை கண்ட ஒருவரோடு அவர் பழகியிருந்தார். அவருக்கு அந்த நோயைத் தாங்கும் சக்தி இல்லை என்று இரத்தப் பரிசோதனை காட்டியது. அவருக்குப் பதிலாக ஜாக் ஸ்விகெர்ட் ஏறினார். வழியில் பிராணவாயுத் தொட்டி வெடித்து, மூவரும் உயிர் பிழைத்துத் திரும்பிய கதை உங்களுக்குத் தெரியும். மேட்டிங்லிக்கு அம்மை வரவே இல்லை. 1972-இல் அப்போலோ-16-இல் அவர் சந்திரனைச் சுற்றிவந்தார்.

அப்போலோ காலத்தில் மாற்றுக் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு பயணங்களை விட்டு மூன்றாவது பயணத்தில் தாமே புறப்படுவார்கள். அப்போலோ-8-இன் மாற்றுத் தலைவராக இருந்த நீல் ஆம்ஸ்ட்ராங் அப்போலோ-11-இன் தலைவரானது இப்படித்தான். மாற்று ஆளாகப் பெற்ற பயிற்சி வீணாகாதபடி வகுத்த சுற்று அது. என் கருத்தில் ஸ்லேட்டன் செய்த மிக அழகான காரியம் இதுதான்.

ஆனால் எவ்வளவு திறமையாகக் கணக்குப் போட்டாலும், கணக்கின் அடியில் இருக்கும் எண்ணே மாறிவிட்டால்? நாசா 1962-இல் ஒன்பது பேரையும், 1963-இல் 14 பேரையும், 1965-இல் ஆறு விஞ்ஞானிகளையும், 1966-இல் 19 பேரையும் சேர்த்தது. சந்திரனுக்குப் பல பயணங்கள், அதற்குமேல் விண்வெளி நிலையங்கள் என்று பெரிய திட்டங்கள் இருந்த காலம். 1967 ஆகஸ்டில் மேலும் 11 விஞ்ஞானிகளைச் சேர்த்தார்கள். அதற்குள் பணம் வற்றத் தொடங்கிவிட்டது. வந்தவர்களை வரவேற்ற ஸ்லேட்டன், உங்களுக்குப் பயணம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அந்தப் பதினொருவரும் தங்களுக்கு 'எக்ஸ்எஸ்-11' என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். இரண்டு எழுத்துகளையும் சேர்த்து ஆங்கிலத்தில் உச்சரித்துப் பாருங்கள். 'மிகை' என்ற பொருள் வரும்!

1970-இல் சந்திரப் பயணங்களில் மூன்றை ரத்து செய்தார்கள். 1975-க்குப் பிறகு 1981 ஏப்ரல் வரை அமெரிக்கர் ஒருவரும் விண்வெளிக்குப் போகவில்லை. பதினொருவரில் நால்வர் விலகினார்கள். ஏழு பேர் காத்திருந்தார்கள். ஸ்டோரி மஸ்கிரேவ் என்ற மருத்துவர் பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1983-இல், முதல் பயணம் சென்றார். மொத்தம் ஆறு பயணங்கள் சென்றார். 1993-இல் ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்க விண்வெளியில் நடந்தவர்களில் அவரும் ஒருவர். 'மிகை' என்று எண்ணப்பட்டவர்!

பயிற்சிக் காலம் நீளமாக உள்ள எந்த வேலையிலும் இந்தச் சிக்கல் வரும். மருத்துவப் படிப்புக்கு உள்ளுறைப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டுகள் ஆகின்றன. இன்று மருத்துவர் போதவில்லை என்று இன்று ஒரு மாணவரைச் சேர்த்தால் அவர் ஆஸ்பத்திரிக்கு வரும்போது ஊர் எப்படி இருக்கும் என்பதை இப்போதே ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய விண்வெளி அமைப்பு 2022-இல் இதற்கு ஒரு வழி கண்டது. 22,500-க்கும் மேற்பட்ட விண்ணப்பதாரர்களிலிருந்து ஐந்து பேரை மட்டும் நிரந்தர வேலைக்கு எடுத்தது. 11 பேரைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்து, பயணம் வந்தால் அழைப்போம், அதுவரை உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டது. இவர்களோடு, விபத்தில் ஒரு காலை இழந்த மருத்துவர் ஜான் மெக்ஃபாலையும் தேர்ந்தெடுத்தது. உடற்குறை உள்ளவர் விண்வெளியில் பணிபுரிய என்னென்ன மாற்றங்கள் வேண்டும் என்று ஆராய்வதற்காக.

நம் நாட்டின் ககன்யான் திட்டத்துக்கும் விமானப்படையின் சோதனை விமானிகளிலிருந்துதான் ஆட்களை எடுத்தார்கள். பெங்களூரில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிலையத்தில் சோதனைகள் நடந்தன. பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா ஆகிய நால்வர் 2020-21-இல் ரஷ்யாவில் பயிற்சி பெற்றார்கள். அவர்களுடைய பெயர்கள் 2024 பிப்ரவரி 27 அன்று அறிவிக்கப்பட்டன. 2025 ஜூன் 25 அன்று சுக்லா அமெரிக்கத் தனியார் நிறுவனமொன்றின் பயணத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டு, ஜூலை 15 அன்று திரும்பினார். செய்தித்தாள்களில் அவருடைய படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பயணத்துக்கு மாற்று ஆளாகத் தயாராக இருந்தவர் பிரசாந்த் நாயர். புறப்பாடு பலமுறை தள்ளிப்போன அந்த வாரங்களில், எந்த நாளில் அழைத்தாலும் ஏறிவிட ஆயத்தமாக அவரும் காத்திருந்தார்.